பிடுங்கச் சில வெள்ளி (ரிங்கிட்), காப்பாற்ற 2,650 வெள்ளி: அரசாங்கப் பல் கிளினிக் எதுவரை பார்க்க வேண்டும்?

பிறைக்காரி (பிறை, பினாங்கு) கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாக இதே நினைப்பாக இருக்கிறது.

அம்மாவுக்கு 57 வயது. பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் பதினெட்டு வருடம் சமைத்தவர். முட்டி வலி வந்த பிறகு வேலையை விட்டுவிட்டார். பென்ஷன் கிடையாது. சர்க்கரை நோய் இருக்கிறது. போன வாரம் உளுந்து கழுவிக்கொண்டிருந்தவர் வலப்பக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சொல்லாமல் பனடோல் போட்டு, கிராம்பு கடித்து, நான்கு நாள் ஓட்டியிருக்கிறார். கன்னம் வீங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

லீவு எடுத்து அரசாங்கப் பல் கிளினிக்குக் கூட்டிப் போனேன். அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வலி என்று சொன்னதும் தெமுஜான்ஜி (முன்பதிவு) கேட்காமலே நம்பர் கொடுத்தார்கள். பதிவுக்கு ஒரு வெள்ளி. டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். கீழ்த்தாடை, வலப்பக்கம், ஆறாவது பல். அட்டையில் 46 என்று எழுதினார். சொத்தை நரம்புவரை இறங்கிவிட்டது, வேர் நுனியில் சீழ் இருக்கிறது என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இந்தப் பல்லைப் பிடுங்கலாம், வீக்கம் வடிந்ததும் இங்கேயே செய்துவிடலாம், பெரிய செலவில்லை. பல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ரூட் கனால், அதாவது வேருக்குள் இருக்கும் நரம்புக் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது, செய்ய வேண்டும். முன்பற்களுக்கு இந்த கிளினிக்கில் செய்கிறோம், கடைவாய்ப்பல் என்றால் நிபுணருக்குத்தான் எழுத வேண்டும், அங்கே காத்திருப்போர் பட்டியல் நீளம். "அதுவரை பல் தாங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, மக்சிக் (அம்மா)," என்று மலாயில் அம்மாவிடமே சொன்னார்.

மறுநாள் ஒரு தனியார் கிளினிக்கில் விசாரித்தேன். ரூட் கனால் 1,250, அதன்மேல் போடும் கிரவுன் (பல் உறை) 1,400. மொத்தம் 2,650 வெள்ளி. நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700. அம்மா வேலையில் இருந்திருந்தாலும் ஒரு பல்லுக்கு ஒன்றரை மாதம் உழைத்திருக்க வேண்டும். என் கம்பெனியில் வருடத்துக்கு 300 வெள்ளி டென்டல் கிளைம் உண்டு, ஆனால் அது எனக்கு மட்டும்தான், பெற்றோருக்குக் கிடையாது.

அம்மா உடனே சொன்னார்: "பிடுங்கிடலாம்மா. ஒரு பல்லுக்கு எதுக்கு இவ்வளவு."

ஆறு வருடத்துக்கு முன்னால் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லுக்கும் இதையேதான் சொன்னார். அன்று எனக்கு விவரம் பத்தாது, சரி என்றுவிட்டேன். அதற்கு அடுத்த பல்லும் பின்னாலேயே போய்விட்டது. அன்று முதல் அம்மா வலப்பக்கம் மட்டும்தான் மெல்லுகிறார். இதுவும் போனால் எந்தப் பக்கம் மெல்லுவார்? இப்போதே தோசையைக் குழம்பில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். கீரைத் தண்டு, கடலை, கொய்யா எல்லாம் நிறுத்திவிட்டார். வெள்ளைச் சோறும் ரொட்டியும்தான் உள்ளே போகிறது. சர்க்கரை நோயாளிக்கு எது வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்கிறார்களோ அதை மட்டும்தான் அவரால் மெல்ல முடிகிறது.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இந்தப் பல்லைக் காப்பாற்ற நான் விசாரிக்காத வழி ஏதாவது இருக்கிறதா? இரண்டு, இது எல்லாருக்கும் பொதுவான கேள்வி: அரசாங்கம் எதுவரை செய்ய வேண்டும், எதைத் தனியாரில் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்? பல்லை வெள்ளையாக்குவது, அழகுக்காகக் கம்பி கட்டுவது, இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்), இதையெல்லாம் நான் கேட்கவில்லை. மெல்லுவதற்குத் தேவையான பல்லைக் கேட்கிறேன். பிடுங்குவது வரைக்கும் பொதுப் பணம், காப்பாற்றுவது சொந்தப் பணம் என்று கோடு போட்டால், வசதி இல்லாதவர்கள் வாயில் ஓட்டைதான் மிஞ்சும். என் தெருவில் அறுபது தாண்டிய எத்தனை பேருக்குக் கடைவாய்ப்பல் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அதற்குமேல் எண்ணவில்லை.

---

ஓய்வு பெற்ற பல் தாதி (நிபோங் திபால்):

மகளே, முதலில் அம்மாவைப் பற்றி. கன்னம் வீங்கியிருக்கும்போது காய்ச்சல் வந்தாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, தாடையின் அடியில் வீக்கம் இறங்கினாலோ, பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு இதில் விளையாடக் கூடாது.

இனி உன் முதல் கேள்வி. பிடுங்குவது, இல்லையென்றால் முழு ரூட் கனால் என்று இரண்டே வழி இருப்பதாக நீ நினைக்கிறாய். நடுவில் ஒன்று இருக்கிறது. பல்லைத் திறந்து, அழுகிய நரம்பை எடுத்து, உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைப்பது. அந்தப் பல் அடைக்கக்கூடிய நிலையில் இருந்தால், சாதாரண அரசாங்க கிளினிக் டாக்டரே இதைச் செய்யலாம். சீழ் வடிய வழி கிடைத்தால் வலி அடங்கும். அது நிரந்தரம் இல்லை, சில வாரங்களுக்கு ஒருமுறை பார்த்து மருந்து மாற்ற வேண்டும். ஆனால் உனக்கு அவகாசம் கிடைக்கும். போய் இப்படிக் கேள்: "பல்லைத் திறந்து மருந்து வையுங்கள், நிபுணருக்கு ரெஃபரல் கடிதமும் எழுதிக் கொடுங்கள்." கடிதம் எழுதிய தேதியிலிருந்துதான் வரிசையில் உன் இடம் ஆரம்பிக்கிறது. வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கும் நாள் எதுவும் கணக்கில் வராது.

அந்தச் சின்ன டாக்டர் ஏன் கடைவாய்ப்பல்லைத் தொடவில்லை என்பதையும் சொல்கிறேன். முன்பல்லில் நரம்புக் குழாய் ஒன்று. கடைவாய்ப்பல்லில் மூன்று, சிலருக்கு நான்கு, அதுவும் வளைந்து நெளிந்து. இரண்டு மூன்று தடவை வரவேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் நாற்காலி பிடிக்கும். பிடுங்குவது, பிரச்சினை இல்லாத பல் என்றால், கால் மணி நேரம். வெளியே பெஞ்சில் வலியோடு இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் என்ன செய்வார்? கிளினிக்கில் குறைவாக இருப்பது நாற்காலியும் ஆளும் நேரமும்தான். இரக்கம் குறைந்து போய் யாரும் பிடுங்கச் சொல்வதில்லை. முப்பது வருடம் அருகில் நின்று பார்த்தவள் சொல்கிறேன்.

நான் பினாங்கில்தான் படித்தேன். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளி 1940களின் கடைசியில் இங்கே ஆரம்பித்தது. நியூசிலாந்தில் இருந்த முறையைப் பார்த்து அமைத்தது. நாங்கள் மடக்கு நாற்காலி, விளக்கு, கம்ப்ரசர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் போவோம். நூல்நிலையத்தில் மேசையை ஒதுக்கிவிட்டு அங்கேயே கிளினிக் போடுவோம். வகுப்பு வகுப்பாக வருவார்கள். கம்ப்ரசர் சத்தம் கேட்டதும் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அழத் தொடங்கும். ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளைக்கு அடைத்த நாட்கள் உண்டு. ஆறாம் வகுப்பு முடிக்கும்போது அந்தப் பிள்ளைகள் வாயில் அடைக்காத சொத்தை இருக்காது. பெற்றோர் ஒரு காசு கொடுத்ததில்லை.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அதே பிள்ளைகளை இருபத்தைந்து வருடம் கழித்து அரசாங்க கிளினிக் வாசலில் பார்த்திருக்கிறேன், கன்னம் வீங்கி. பள்ளியில் பார்க்கிறோம். பெண்கள் கர்ப்பமானால் தாய் சேய் கிளினிக்கிலிருந்து அனுப்புவார்கள், அப்போது பார்க்கிறோம். மற்றபடி பதினேழு வயதிலிருந்து உழைத்து ஓய்கிற காலம்வரை யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. வலி வந்தால்தான் வருகிறார்கள். வலி வரும் நேரத்தில் பாதிப் பல் போயிருக்கும்.

கோடு எங்கே என்று கேட்டாய். என்னைக் கேட்டால் பொதுப் பணம் முதலில் போக வேண்டிய இடம் சர்க்கரை நோயாளிகளின் ஈறு. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். சொத்தையே இல்லாத நல்ல பல்கூட ஆடி ஆடி விழும். அவர்களுக்குக் கண் பார்க்கிறோம், கால் பார்க்கிறோம். அதே நாளில் அதே கட்டடத்தில் வாயையும் பார்த்து ஸ்கேலிங் (பல் காறை எடுப்பது) செய்து அனுப்பினால் என்ன? உன் அம்மாவுக்குச் சர்க்கரை வந்து எத்தனை வருடம்? அந்த வருடங்களில் யாராவது ஒருமுறை ஈறைப் பார்த்தார்களா?

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. 1972இல் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்க அரசாங்கம் முடிவு செய்தது. ஏழை பணக்காரர் பேதம் இல்லாமல் எல்லார் பல்லுக்கும் போய்ச் சேர்ந்த பொதுச் செலவு அது. இப்போது வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. ஃபில்டர் மாட்டுகிறோம். அது ஃபுளோரைடையும் எடுத்துவிடும். ஃபில்டர் வைத்திருப்பவர்கள் ஃபுளோரைடு உள்ள பற்பசையையாவது பார்த்து வாங்குங்கள்.

---

ஜெலுத்தோங் வாசி:

தங்கச்சி, உங்கள் அம்மா நிலைமை படித்து வருத்தமாக இருக்கிறது. ஆனால் கோடு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து.

குறைந்த கட்டணத்துக்கு இவ்வளவு கிடைக்கிறதே, அதை முதலில் பார்க்க வேண்டும். எனக்கு மேல்தாடையில் பல்லே இல்லை. 2022இல் அரசாங்க கிளினிக்கில்தான் பல் செட் செய்தேன். எட்டு மாதம் காத்திருந்தேன், ஐந்து தடவை போனேன், அளவு எடுத்து, மெழுகில் கடிக்க வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து எனக்கு நூறு வெள்ளிகூட ஆகவில்லை. தனியாரில் அதற்கு 900 கேட்டார்கள். இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டு ஆட்டிறைச்சி சாப்பிடுகிறேன்.

எல்லாருக்கும் கடைவாய்ப்பல் ரூட் கனால் உண்டு என்று நாளைக்கே அறிவித்தால் என்ன ஆகும்? அக்கா சொன்ன அதே நாற்காலிதான், அதே ஆள்தான். வலியோடு வருகிற இருபது பேர் நாற்பது ஆவார்கள். கடைசியில் பிடுங்குவதற்கும் தேதி வாங்க வேண்டி வரும். நான் காலை ஏழு மணிக்குப் போய் நம்பர் எடுத்தவன், அந்தப் பெஞ்ச் எனக்குத் தெரியும்.

அதனால் என் யோசனை: எல்லாவற்றுக்கும் இவ்வளவு குறைந்த கட்டணம் என்பதை விடலாம். ரூட் கனாலுக்கு 150, 200 என்று வாங்கட்டும். குறைந்த வருமானத்துக்காக எஸ்டிஆர் என்ற அரசாங்க உதவித்தொகை வாங்குகிற குடும்பங்களுக்கு விலக்குக் கொடுக்கட்டும். அந்தப் பணத்தில் இன்னொரு நாற்காலி, இன்னொரு தாதி. நம்மில் பல பேர் அந்த அளவு கொடுக்கத் தயார். 2,650தான் முடியாது. சில வெள்ளிக்கும் 2,650க்கும் நடுவே எதுவுமே இல்லாமல் இருப்பதுதான் கோளாறு.

காசு இல்லாதபோது மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என் மச்சான் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அறிமுகமான ஒருவரிடம் 250 வெள்ளிக்குப் பல் செட் செய்துகொண்டார். வீட்டில் வைத்தே செய்து கொடுக்கிற ஆள். பக்கத்தில் இருந்த நல்ல பல்லோடு பசை போட்டு ஒட்டிவிட்டார், கழற்ற முடியாது. நான்கு மாதத்தில் உள்ளே உணவு தங்கி, ஈறு அழுகி, நல்ல பல் இரண்டையும் சேர்த்துப் பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த மாதிரி ஆட்கள் செய்வது சட்டப்படி குற்றம். பதிவு பெற்ற பல் டாக்டரா என்று மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தயவுசெய்து பாருங்கள்.

---

பிறைக்காரி:

அண்ணே, பல் செட் வேலை செய்கிறது என்று நீங்கள் சொன்னது தைரியமாக இருக்கிறது. நடுவில் ஒரு கட்டணம் என்பதும் எனக்குச் சம்மதம்தான். 200 வெள்ளி என்றால் அம்மாவே கொடுத்துவிடுவார், என்னிடம் கேட்கக்கூட மாட்டார். ஆனால் பல் செட் பல் போன பிறகு வருவது. இருக்கிற பல்லை விடச் சொல்லி, எட்டு மாதம் கஞ்சி குடிக்கச் சொல்லி, அப்புறம் செட் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்கா, அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். கிளினிக்கில் கண் படம் எடுத்திருக்கிறார்கள், காலில் உணர்ச்சி பார்த்திருக்கிறார்கள். வாயை ஒருவரும் பார்த்ததில்லை. நீங்கள் கேட்கும்வரை எனக்கே அது தோன்றவில்லை. நாளைக்குப் போய் நீங்கள் சொன்ன மாதிரியே கேட்கிறேன்.

---

செந்தூல் கணக்கர்:

நான் கணக்கு வேலை செய்கிறவன், அதனால் வரி பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 வெள்ளிவரை வருமான வரிக் கழிவு உண்டு. தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைக்கு. இது மருத்துவச் செலவுக்கான 10,000 வெள்ளி வரம்புக்குள்ளேயே அடங்கும். பதிவு பெற்ற பல் டாக்டரின் ரசீது வேண்டும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கான மருத்துவச் செலவுக் கழிவு தனி, 8,000 வெள்ளிவரை. அதிலும் பல் உண்டு. ஆனால் வரி வாரியத்தின் விளக்கக் குறிப்பைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிடுங்குதல், அடைத்தல், ஸ்கேலிங், சுத்தம் செய்தல் ஆகியவற்றுக்குக் கழிவு உண்டு. ரூட் கனால், கிரவுன், பல் செட் ஆகியவை ஒப்பனைச் செலவோடு சேர்த்து விலக்கப்பட்டிருந்தன. அதாவது உங்கள் அம்மாவின் பல்லைப் பிடுங்கிய ரசீதைக் காட்டலாம், காப்பாற்றிய ரசீதைக் காட்ட முடியாது. நீங்கள் கேட்ட அந்தக் கோடு கிளினிக்கில் மட்டுமல்ல, வரிப் படிவத்திலும் இருக்கிறது. பல் இல்லாத வயதானவர் செட் போடுவது எந்த வகையில் ஒப்பனை? ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டுக்கு முன்னால் நிதி அமைச்சு பொதுமக்களிடம் யோசனை கேட்கிறது. நான் இந்த ஒரு வரியை மாற்றச் சொல்லி எழுதப் போகிறேன். இதற்கு அரசாங்கம் புது நாற்காலி வாங்க வேண்டியதில்லை, ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதும்.

இன்னொரு உண்மையும் உண்டு. மாதம் 1,700 சம்பாதிக்கிறவர் வரி கட்டும் நிலைக்கே வருவதில்லை. அவருக்கு எந்தக் கழிவும் உதவாது. வரிக் கழிவு என்பது நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்குத்தான். அதனால் அதை வைத்து "அரசாங்கம் பல்லுக்கு உதவுகிறது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

---

பழைய கிள்ளான் சாலை பல் டாக்டர்:

தனியார் பக்கத்திலிருந்து ஒருவராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன். நானும் ஐந்து வருடம் அரசாங்க கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அந்த 1,250, 1,400 என்பது கோலாலம்பூரிலும் ஏறக்குறைய இதுதான். கடை வாடகை, உதவியாளர்கள் சம்பளம், கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரம், எக்ஸ்ரே உரிமம், எல்லாம் அதில் இருக்கிறது. ரூட் கனாலுக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஃபைல் கம்பிகள் இறக்குமதி, சில தடவைக்குமேல் பயன்படுத்தினால் உள்ளே முறிந்துவிடும். கிரவுனில் ஒரு பெரிய பங்கு அதைச் செய்யும் லேப்புக்குப் போகிறது. இதையெல்லாம் சொல்வது விலை நியாயம் என்று வாதாட அல்ல. உங்களால் கொடுக்க முடியாத விலை எனக்கு நியாயமாக இருந்தால் உங்களுக்கு அதனால் என்ன பயன்? நோயாளி விலையைக் கேட்டுவிட்டு, "சரி டாக்டர், யோசிச்சு சொல்றேன்" என்று எழுந்து போகும்போது, அவர் திரும்பி வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை நடக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவுகளில் மாணவர்கள் விரிவுரையாளர் மேற்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். கட்டணம் தனியாரைவிடக் குறைவு. கோலாலம்பூரில் என்றால் மலாயாப் பல்கலைக்கழகம், ஜாலான் ராஜா மூடாவில் இருக்கும் யுகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்). வடக்கே உங்களுக்குப் பக்கம், சுங்கைப் பட்டாணியைத் தாண்டி செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்: முதலில் ஒரு பரிசோதனை, அந்தப் பல் மாணவர் செய்யக்கூடியதா என்று பார்ப்பார்கள். ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் அரை நாள் போகும், பல தடவை போக வேண்டும். ஒவ்வொரு படியையும் மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த படி. மெதுவாக இருக்கும், ஆனால் அவசரத்தில் எதையும் தவற விடமாட்டார்கள். அம்மாவின் சர்க்கரை அளவு எழுதிய புத்தகத்தையும் மருந்துப் பட்டியலையும் கொண்டு போங்கள்.

கிரவுனை உடனே போட முடியாவிட்டால், பல்லின் முனைகளை மூடிக் கட்டுகிற மாதிரி அடைக்கச் சொல்லுங்கள். ரூட் கனால் செய்த கடைவாய்ப்பல்லைச் சும்மா நடுவில் மட்டும் அடைத்து விட்டால் ஒருநாள் இரண்டாகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழி இல்லை. முனையை மூடி வைத்தால் காசு சேரும்வரை ஓட்டலாம்.

பெரிய கேள்விக்கு என் பதில் இது. 2023இல் மடானி மருத்துவத் திட்டம் வந்தது. எஸ்டிஆர் பெறுகிறவர் காய்ச்சல் இருமலுக்குத் தனியார் கிளினிக்குக்குப் போனால், அரசாங்கம் பணம் கொடுத்தது. அரசாங்க கிளினிக்கில் கூட்டம் தாங்காததால் தனியாரிடமிருந்து நேரத்தை வாங்கினார்கள். அதையே பல்லுக்கும் செய்யலாம். என் கிளினிக்கில் வியாழக்கிழமை மதியம் நாற்காலி பாதி நேரம் காலியாக இருக்கிறது. அரசாங்கம் ஒரு கடைவாய்ப்பல் ரூட் கனாலுக்கு 600 வெள்ளி என்று நிர்ணயித்து, அதில் நோயாளி 150 கொடுத்தால், நான் அந்த வியாழக்கிழமைகளைக் கொடுப்பேன். எனக்கு அதில் லாபம் பெரிதாக இல்லை, நட்டமும் இல்லை. என் நண்பர்களிடம் பேசியிருக்கிறேன், இதற்குச் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெலுத்தோங் அண்ணன் பயப்படுகிற மாதிரி அரசாங்கப் பெஞ்ச் நீளாது.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதிலும் தெளிவாக இருக்க வேண்டும். இம்பிளான்ட், வெனீர் (பல்மேல் ஒட்டும் மெல்லிய தகடு), வெள்ளையாக்குவது, லேசாகக் கோணிய பல்லுக்குக் கம்பி, இவை தனியாரிலேயே இருக்கட்டும். ஆனால் உதடு, அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கும், கடிக்கவே முடியாதபடி தாடை அமைந்தவர்களுக்கும் கம்பி கட்டுவது பொதுச் செலவுதான். அரசாங்க நிபுணர்கள் இன்றும் தேவையின் அளவைப் புள்ளி போட்டுப் பார்த்து அவர்களைத்தான் முன்னால் எடுக்கிறார்கள். கடுமை எவ்வளவு என்று அளந்து முன்னுரிமை கொடுக்கும் பழக்கம் கம்பிக்கு ஏற்கனவே இருக்கிறது. ரூட் கனாலுக்கும் அதே மாதிரி அளவுகோல் வைக்கலாம்: எதிர்ப்பக்கம் மெல்லப் பல் இருக்கிறதா, சர்க்கரை உண்டா, இதுதான் கடைசிக் கடைவாய்ப்பல்லா. உங்கள் அம்மா மூன்றிலும் முன்னால் நிற்பார்.

---

ஜெலுத்தோங் வாசி:

டாக்டர் சொன்ன வியாழக்கிழமைக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படி என்றால் நான் எதிர்க்கவில்லை. தங்கச்சி, செமிலிங் போக வண்டி இல்லையென்றால் சொல்லுங்கள். புதன்கிழமைகளில் நான் சரக்கு ஏற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணிவரை போகிறேன். அம்மா முன்சீட்டில் வரலாம்.

---

பிறைக்காரி (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மறுநாளே அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். அக்கா சொன்ன வாக்கியத்தை அப்படியே மலாயில் சொன்னேன். அதே சின்ன டாக்டர்தான். ஒரு நிமிடம் எக்ஸ்ரேயைத் திரும்பப் பார்த்தார். "அடைக்கக்கூடிய பல்தான், திறந்து வைக்கிறேன்," என்றார். சீழ் வடிந்ததும் அன்றிரவே அம்மா முழுசாகத் தூங்கினார். ரெஃபரல் கடிதமும் வாங்கிவிட்டேன். அப்புறம் நான் கேட்காமலே, அம்மாவின் ஈறு ஆழத்தை அளந்து, இரண்டு தடவை ஸ்கேலிங்குக்குத் தேதி கொடுத்தார். முதல் தடவை முடிந்தது. இரத்தம் நிறைய வந்தது, ஆனால் வாயில் இருந்த அந்த வாடை போய்விட்டது என்று அம்மாவே சொன்னார்.

அதற்கிடையில் ஒரு மாணவர் கிளினிக்கிலும் பரிசோதனை முடிந்தது. பல்லை ஏற்றுக்கொண்டார்கள். செய்யப்போகும் பையன் நான்காம் வருடம், அம்மாவை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு, ஒவ்வொன்றும் எதற்கு என்று தமிழிலேயே விளக்கினான். அம்மா வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் நரம்புக் குழாய் மூன்று இருக்கிறது என்று கை விரலை நீட்டிக் காட்டுகிறார். கட்டணம் எனக்கு எட்டுகிற அளவில்தான் இருக்கிறது. கிரவுனுக்கு இப்போது வழியில்லை. டாக்டர் சொன்ன மாதிரி முனைகளை மூடி அடைக்கக் கேட்டிருக்கிறேன், சரி என்றார்கள்.

செந்தூல் அண்ணே, நானும் அந்த ஒப்பனை வரியைப் பற்றி எழுதப் போகிறேன். என் லைனில் வேலை செய்கிற நான்கு பேர் தாங்களும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேருமே அம்மாவின் பல்லுக்கோ மாமியாரின் பல் செட்டுக்கோ காசு கொடுத்தவர்கள்.

ஜெலுத்தோங் அண்ணே, அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு முதல் தடவை. உங்கள் வண்டியில் வர அம்மா சம்மதித்துவிட்டார், தோசை கட்டிக்கொண்டு வருவாராம். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். புதன்கிழமை மரத்துப்போகும் ஊசி போடுவார்கள், அம்மா காலையில் சர்க்கரை மாத்திரையும் போட்டாக வேண்டும். வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடலாமா, இல்லை வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்களா?

---

ஓய்வு பெற்ற பல் தாதி (நிபோங் திபால்):

வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதே மகளே. வழக்கமான நேரத்தில் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டுப் போகட்டும். இந்த ஊசிக்குப் பட்டினி வேண்டாம், பட்டினியோடு மாத்திரை போட்டால்தான் நாற்காலியில் மயக்கம் வரும். பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள். ஊசி மரப்பு போகும்வரை தோசையைத் தொடக் கூடாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வார். போய் வந்து எழுது.